பஞ்சு மாமாவின் பல்வலி

— கொஞ்சம் அசையாம உக்காருண்ணே. நீ ஆட்டுற ஆட்டுல புள்ள முழிச்சுக்கப் போறான்.

— நான் எங்க ஆட்டுறேன்? பெஞ்சு ஆடுது பாப்பா. ஒரு கால் குட்டை. என் சலூன்ல இப்படி இருந்தா அட்டைய மடிச்சுச் சொருகியிருப்பேன்.

— உனக்குப் பயம். பழியத் தூக்கிப் பெஞ்சு மேல போடுற. சுன்னத்து என் புள்ளைக்குண்ணே, உனக்கில்ல.

— தாய்மாமன் பயப்படாம வேற யாரு பயப்படுவா? பொறந்து பன்னெண்டு நாள்தான் ஆகுது. என் முழங்கை நீளம்கூட இல்ல. இவனைப் போய்… சரி விடு. மாப்ளைய எங்க காணோம்?

— சிஸ்டர் எழுதிக் குடுத்ததை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருக்காரு. வாசலின், பஞ்சுத்துணி, டயப்பர். அங்கயும் கூட்டமாம், இப்பத்தான் போன் பண்ணாரு.

— அவசரமா இன்னைக்கேதான் பண்ணணுமா?

— நாளைக்கு மத்தியானம் கப்பலேறுறாரு. ஏறினா எட்டு மாசம். ஆறு வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ள, இதையாவது கூட இருந்து பாத்துட்டுப் போறேன்னு ஆசப்படுறாரு. நேத்து ராத்திரி எத்தனை தடவை சொல்லிட்டாரு தெரியுமா? அந்த மனுஷனுக்கு நான் வேற என்னத்தக் குடுத்துவிட முடியும்?

— சரி சரி. நான் ஒண்ணும் சொல்லல.

— ஸ்பீக்கர்ல என்ன கூப்பிட்டாங்க? பதினொண்ணா, இருபத்தொண்ணா?

— எவனுக்குத் தெரியும். வாய்க்குள்ள துணிய வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. பஞ்சு மாமா மட்டும் இருந்திருந்தா, அந்த ஆளை எழுப்பிவிட்டுட்டுத் தானே மைக்கைப் பிடிச்சிருப்பாரு.

— ஆமாண்ணே. பஸ் ஸ்டாண்டுல இருந்தவரைக்கும் மாமா குரல் நாலு தெருவுக்குக் கேக்கும். "மூணாவது பாதையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும், பயணிகள் அவசரப்படாமல் ஏறவும்." அவசரப்படாமல்னு சொல்ற ஒரே டைம்கீப்பர் நம்ம மாமாதான்.

— உன்னையக்கூட மைக்குல கூப்பிட்டு மானத்த வாங்குவாரே.

— அத ஏன் கேக்குற. பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாத்தான வரணும். "ரெட்டைச் சடையில் ஒரு ரிப்பனைத் தொலைத்துவிட்டு வரும் மாணவி உடனடியாக டைம் ஆபீசுக்கு வரவும்." பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கும். எனக்கு அழுகையா வரும். உள்ள போனா பிஸ்கட் பொட்டலத்தப் பிரிச்சு வச்சுக்கிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருப்பாரு.

— அந்த நாற்காலி ஞாபகம் இருக்கா? ரெண்டு தலகாணி உக்கார, ஒரு தலகாணி முட்டிக்கு.

— ஐஸ் பையும். வாரத்துக்கு ஒரு தடவை முட்டி வீங்கிக்கும். கேட்டா, "மழை வரப்போகுது, என் முட்டிதான் ரேடியோ"ன்னு சொல்லுவாரு. மழையே வராது.

— ஒரு தடவை வந்துச்சு.

— ஒரே ஒரு தடவை. அதையே வருஷம் பூரா சொல்லிக்காட்டினாரு. அம்மா போனதுக்கப்புறம் அந்த மனுஷன் இல்லன்னா நாம என்ன ஆயிருப்போம்ணே? அத்தா பாட்டுக்கு வேலை வேலைன்னு கெடந்தாரு. எனக்குச் சடை பின்னினது மாமா. பரீட்சைக்கு எழுப்பிவிட்டது மாமா. சட்டப்பையில எப்பவும் ஒரு உருண்டை பஞ்சு. பஞ்சு மாமான்னு பேர் வச்சது நீயா, நானா?

— நீதான். உனக்கு மூணு வயசு. பையில கைய விட்டுப் பஞ்ச எடுத்துத் தின்னுட்ட.

— காதுல அத்தர் வச்சுக்கத்தான் வச்சிருக்காருன்னு நான் ரொம்ப நாள் நெனச்சேன். ஆனா அவரு மேல அத்தர் வாசமே வந்ததில்லயே.

— ம்.

— ஏண்ணே, நான் ஒண்ணு கேக்கவா? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நீ சலூன்ல தொழில் பழகப் போனப்ப, மொதமொதல்ல மாமாவுக்குத்தான் ஷேவ் பண்ணப்போறேன்னு குதிச்சுக்கிட்டு கத்திய எடுத்துட்டு வந்த? அப்புறம் என்ன ஆச்சு? அதுக்கப்புறம் மாமா தாடி வச்சிட்டாரு. சாகுற வரைக்கும் எடுக்கவே இல்ல. அவரு தாடிய வெறும் கத்தரியில மட்டும் ஒதுக்கிவிடுவ. ஊர்ல எல்லாரும் காதல் தோல்வின்னு பேசிக்கிட்டாங்க.

— நாப்பத்தஞ்சு வயசுல என்னடி காதல் தோல்வி.

— பேச்ச மாத்தாத. என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. அவருக்குப் பிடிக்கல, வச்சுக்கிட்டாரு. அந்தா சிஸ்டர் வர்றாங்க பாரு.

— யாரும்மா பன்னெண்டு நாள் குழந்தை? நீங்கதான் அம்மாவா? உக்காருங்க, எந்திரிக்க வேண்டாம். இவரு யாரு, அப்பாவா?

— அண்ணன் சிஸ்டர். இவங்கப்பா மருந்துக்கடையில நிக்கிறாரு.

— தாய்மாமாவா? அதான் மூஞ்சி வெளிறிக் கெடக்கு. பயப்படாதீங்க சார், உங்கள ஒண்ணும் பண்ண மாட்டோம். சரி, கேட்டுக்கங்க. மொதல்ல நான் சொல்லிடுறேன், அப்புறம் நீங்க கேளுங்க, அதுக்கப்புறம் கையெழுத்து. சரியா?

— சரி சிஸ்டர்.

— குழந்தைய உள்ள நாங்க வாங்கிக்குவோம். கை கால் ஆட்டாம இருக்க மெதுவாத் துணியால கட்டி வைப்போம். நாக்குல நாலு சொட்டு சக்கரைத் தண்ணி விடுவோம், அது சப்பிக்கிட்டே இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டுட்டு, அது புடிக்கிற வரைக்கும் டாக்டர் காத்திருப்பாரு. அந்த ஊசிதான் கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். அப்புறம் முன்தோலை விலக்கி, கிளாம்ப் போட்டு நல்லா இறுக்கிப் பிடிச்சு, தோலை எடுத்துடுவாங்க. இறுக்கிப் பிடிக்கிறதே ரத்தம் வராம இருக்கத்தான். மொத்தமா கால் மணி நேரம். தையல் பெரும்பாலும் தேவப்படாது.

— அழுவானா?

— அழுவான். கட்டி வச்சதுக்கே பாதி அழுகை. வெளிய வந்த உடனே பால் குடுங்க, அடங்கிடும். வீட்டுக்குப் போனப்புறம் கேட்டுக்கங்க, அதுதான் முக்கியம். வாசலின் தடவின துணி ஒண்ணு சுத்தி அனுப்புவோம், அது தானா விழும், பிடிச்சு இழுக்கக் கூடாது. டயப்பர் மாத்துறப்பல்லாம் வாசலின் தாராளமா வைக்கணும், இல்லன்னா ஒட்டிக்கும். ரெண்டாம் நாள் மூணாம் நாள் மஞ்சளா ஒரு படலம் வரும்.

— சீழா?

— எல்லா அம்மாவும் இதத்தான் கேப்பாங்க. சீழ் இல்ல. ஆறுறப்ப அப்படித்தான் வரும். தேய்ச்சுத் துடைச்சு எடுத்துடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில துணிய நனைச்சு ஒத்தி எடுங்க, போதும். பவுடர் கூடாது, எண்ணெய் கூடாது, வீட்டுல பெரியவங்க யாராவது சாம்பல் கீம்பல்னு ஆரம்பிச்சா, வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு வாரம் பத்து நாள்ல ஆறிடும்.

— வீட்டுல பெரியவங்கன்னு யாரும் இல்ல சிஸ்டர். அண்ணன்தான்.

— அப்ப சாரும் கேட்டுக்கங்க. எப்ப ஓடி வரணும்? பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகலன்னா. காய்ச்சல் அடிச்சா. வீக்கமும் சிவப்பும் நாளுக்கு நாள் கூடினா. கெட்ட வாடை வந்தா. டயப்பர்ல ரத்தம் சின்னக் காசு அளவு இருந்தா பரவாயில்ல. அதுக்கு மேல இருந்தா, சுத்தமான துணிய வச்சு பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. அப்பயும் நிக்கலன்னா, போன் கீன் பண்ணிக்கிட்டு இருக்காம நேரா இங்க வந்துடணும். சரியா?

— சரி சிஸ்டர். அப்படி நிக்காம போறதெல்லாம் நடக்குமா?

— ரொம்ப அபூர்வம்மா. ஆனா நடக்கும். அதுக்குத்தான் இப்ப சில கேள்வி கேக்குறேன். குறை மாசமா?

— இல்ல. நெறை மாசம்.

— மஞ்சக்காமாலை இருந்துச்சா?

— லேசா இருந்துச்சு, ரெண்டே நாள்ல போயிடுச்சு.

— பொறந்த உடனே தொடையில ஊசி போட்டாங்களா, வைட்டமின் கே?

— போட்டாங்க. அட்டையில எழுதியிருக்கு.

— நல்லது. உங்க குடும்பத்துல யாருக்காவது ரத்தம் நிக்காத வியாதி உண்டா? முக்கியமா அம்மா வழியில. உங்க கூடப்பொறந்தவங்க, உங்கம்மா கூடப்பொறந்த ஆம்பளைங்க?

— இல்ல.

— யோசிச்சுச் சொல்லுங்க. பல்லு புடுங்கினா நாள் கணக்குல ரத்தம் வர்றது, அடிபட்டா கன்னிப்போறது, முட்டி வீங்கிக்கிறது?

— எங்க அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. எங்க மாமா. அவரு போயி ஒரு வருஷம் ஆச்சு. அவருக்கு வாதம் இருந்துச்சு, முட்டி வலி. வேற ஒண்ணும் இல்ல.

— சார், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?

— நானா? இல்ல சிஸ்டர். தொண்டை கட்டிக்கிச்சு.

— சரி. இல்லன்னு எழுதிக்கிறேன். இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு. டாக்டர் இன்னொரு குழந்தைய முடிச்சுட்டு வர பதினஞ்சு நிமிஷம் ஆகும். நான் வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் நிதானமாப் படிச்சுப் பாருங்க.

— தேங்க்ஸ் சிஸ்டர். அண்ணே, பேனாவக் குடு. பேனா உன் பையிலதான இருக்கு?

— இரு பாப்பா. கொஞ்சம் இரு.

— என்ன இரு? என்னாச்சு உனக்கு? வேர்த்துக் கொட்டுது.

— நீ கேட்டியே. தாடி.

— இப்ப எதுக்கு அது?

— சொல்லிடுறேன். மாமாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு. இருபத்திரெண்டு வருஷமாச்சு. என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல.

— பயமுறுத்தாதண்ணே.

— எனக்கு அப்ப பத்தொம்பது. சலூன்ல சேந்து நாலு மாசம். பலூன்ல நுரையத் தடவி, பலூன் வெடிக்காம வழிக்கப் பழகியாச்சு. இனிமே ஆள் மூஞ்சியில பழகணும். எவன் கன்னத்தக் குடுப்பான்? அத்தாகிட்ட கேட்டேன், செருப்ப எடுத்தாரு. கூட்டாளிங்க எல்லாம் ஓடிட்டானுங்க. முதலாளி வேற, ஒரு வாரத்துக்குள்ள ஒரு மூஞ்சிய வழிச்சுக் காட்டலன்னா நீ கூட்டிப் பெருக்கத்தான் லாயக்குன்னுட்டாரு. நான் மாடிப்படியில உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன். மாமா வந்தாரு. என்னடான்னாரு. சொன்னேன்.

— ம்.

— தன் தாடையத் தடவிப் பாத்துக்கிட்டாரு. அதுவரைக்கும் அவரு சவரத்துக்கு எவன்கிட்டயும் போனதில்ல, அது எனக்கு அப்ப தெரியாது. ஒரு சின்ன மெஷின் வச்சிருப்பாரே, உர்ருன்னு சத்தம் போடுமே, அதாலதான் வழிச்சுக்குவாரு. "சரி, என் கன்னத்த எடுத்துக்கடா, பாத்து மெதுவா"ன்னாரு.

— அப்ப வெட்டிட்டியா?

— பின்கட்டுல நாற்காலியப் போட்டு உக்கார வச்சேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரு பக்கம் வழவழன்னு வந்துச்சு. மாமாகூட கண்ணாடியில பாத்துட்டு, "டேய், கல்யாண மாப்ள மாதிரி இருக்கேன்டா"ன்னாரு. எனக்குத் தல கால் புரியல. அந்தச் சந்தோஷத்துலயே இந்தப் பக்கம் தாடைக்குக் கீழ வந்தேன். கத்தி ஒரு இழுப்பு கூடப் போயிடுச்சு. அரிசி அளவுதான் பாப்பா. சத்தியமா ஒரு அரிசி அளவு.

— அவ்வளவுதான? அதுக்கா இத்தனை மூடுமந்திரம்?

— படிகாரத்த வச்சேன். நின்னுச்சு. மாமா சிரிச்சாரு. ஆனா மூஞ்சி மாறிடுச்சு. பையிலருந்து பஞ்ச எடுத்து அழுத்திக்கிட்டு, "ஒண்ணுமில்ல, நீ போய்த் தண்ணி கொண்டா"ன்னாரு. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா மறுபடியும் வருது. நிக்கிது, வருது, நிக்கிது, வருது. மறுநாள் காலையில தலகாணி பூரா ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போவோம் மாமான்னு அழுதேன். வேண்டாம்டான்னாரு. ரெண்டு நாள். ரெண்டு நாளும் நான்தான் பஞ்ச வாங்கிக் குடுத்து, நனைஞ்சத எடுத்துப் பின்கட்டுல குழி தோண்டிப் பொதைச்சேன்.

— இரு. இரு இரு. எங்களுக்கெல்லாம் பல்வலின்னு சொன்னாரே? தலையச் சுத்தித் துண்டக் கட்டிக்கிட்டு?

— அதேதான்.

— ஐயோ. நான் அவருக்குக் கஞ்சி ஆத்திக் கொண்டுபோய்க் குடுத்தேண்ணே. எனக்கு ஒம்பது வயசு. எந்தப் பல்லு மாமா, காட்டுங்க காட்டுங்கன்னு வாயத் தெறக்கச் சொல்லி ஒரே அடம். அவரும் வாயத் தெறந்து எல்லாப் பல்லையும் எண்ண விட்டாரு.

— மூணாம் நாள் நின்னுச்சு. என்னக் கூப்பிட்டு உக்கார வச்சு, "இது நமக்குள்ள இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத. உன் கை நல்ல கை"ன்னு சொன்னாரு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? முதலாளிக்குத் தெரிஞ்சா என்ன வெரட்டிடுவாரு, அதுக்காக மாமா மறைக்கிறாருன்னு நெனச்சேன். என் கையாலதான் அந்த மனுஷனுக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் புது ஆள் நாற்காலியில உக்காந்தா, கத்திய எடுக்குறப்ப ஒரு செகண்ட் மாமா தாடை வந்து போகும்.

— நீ பழகினப்ப வெட்டிட்ட. கொஞ்சம் ஆழமா வெட்டியிருப்ப. அதுக்கும் என் புள்ளைக்கும் என்னண்ணே சம்பந்தம்?

— அப்படித்தான் நானும் இத்தனை வருஷம் நெனச்சேன். ஆனா கேளு. அதுக்கப்புறம் எத்தனை ஆயிரம் பேருக்கு வழிச்சிருப்பேன். மாமாவுக்குப் பட்டதவிட ரெண்டு மடங்கு பட்டவன் உண்டு. ஒருத்தன் தும்மித் தொலைச்சான், இங்கருந்து இங்க வரைக்கும் கிழிஞ்சுது. படிகாரம், அஞ்சு நிமிஷம், எந்திரிச்சுப் போயிட்டான். எனக்குத் தெரியாதா, ஒரு வெட்டு எவ்வளவு நேரம் நிக்காம இருக்கும்னு? ஆனா மாமா விஷயத்த மட்டும் நான் கணக்குப் போட்டுப் பாக்கவே இல்ல பாப்பா. வெக்கம். அத நெனச்சாலே மனச வேற பக்கம் திருப்பிக்குவேன். இப்ப அந்த சிஸ்டர் முட்டி வீங்குறதுன்னு சொன்னாங்க பாரு, அப்பத்தான் எல்லாம் சேந்து புரிஞ்சுது.

— அது வாதம்ணே.

— எந்த டாக்டர் சொன்னாரு வாதம்னு? அவருதான் சொன்னாரு. வீட்டுல கத்தியெல்லாம் எதுக்கு மேல்தட்டுல இருக்கும்? சட்டப்பையில எதுக்குப் பஞ்சு? படியில ஒரு தடவை வழுக்கி, தலையில லேசா இடிச்சு, ரெண்டே நாள்ல எப்படிப் போனாரு?

— வயசாயிடுச்சுன்னு சொன்னாங்க.

— அறுபத்தாறு ஒரு வயசா? பாப்பா. அழாத. புள்ள பாக்குறான்.

— அண்ணே, அவரு என்கிட்ட ஒண்ணு சொன்னாரு.

— என்ன சொன்னாரு?

— என் கல்யாணத்தன்னைக்கி. காருல ஏறப்போறேன், எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்கீங்க, மாமா மட்டும் ஜன்னல் பக்கம் வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, "ஆம்பளப் புள்ள பொறந்தா சுன்னத்துக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும். நான் வந்து பேசாம எவனும் கத்தி வைக்கக் கூடாது"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கல்யாணம் ஆகி ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள புள்ளைக்குச் சுன்னத்தான்னு. சுன்னத்தப்ப புள்ளைய மடியில வச்சுக்க இப்பவே இடம் பிடிக்கிறீங்களா மாமான்னு கேலி பண்ணேன். அவரும் சிரிச்சுட்டு, "ஆமா, இடம் எனக்குத்தான்"ன்னுட்டாரு. அவ்வளவுதான் ஞாபகம். அவரு போனதுக்கப்புறம் எவனுக்கு அத நெனைக்கத் தோணுச்சு?

— நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே அந்த மனுஷன்.

— எப்படிச் சொல்லுவாரு? இந்த வீட்டு ரத்தத்துல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா என்ன எவன் கட்டிக்குவான்? அதுக்குத்தாண்ணே வாய மூடிக்கிட்டு இருந்திருக்காரு.

— கையெழுத்துப் போடாத பாப்பா. மாப்ளகிட்ட நான் பேசுறேன். கால்ல விழுந்தாவது பேசுறேன்.

— கால்லயெல்லாம் விழ வேண்டாம். அவரு புரிஞ்சுக்குவாரு. பாக்காமப் போறமேன்னு வருத்தப்படுவாரு, அவ்வளவுதான். சிஸ்டர். சிஸ்டர், ஒரு நிமிஷம்.

— என்னம்மா, கையெழுத்து ஆச்சா? டாக்டர் வந்துட்டாரு, குழந்தையக் குடுங்க.

— குடுக்கல சிஸ்டர். நான் இல்லன்னு சொன்னது தப்பு. எங்க மாமாவுக்கு இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்.

— எது இருந்துச்சு?

— நான் சொல்றேன் சிஸ்டர். நான் முடி வெட்டுறவன். இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க மாமாவுக்குத் தாடையில சின்னதாக் கத்தி பட்டுடுச்சு. அரிசி அளவு. ரெண்டு நாள் நிக்கல. நின்னு நின்னு வந்துச்சு. முட்டி அடிக்கடி வீங்கும், ஐஸ் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. போன வருஷம் தலையில லேசா அடிபட்டு ரெண்டு நாள்ல போயிட்டாரு.

— இவரு உங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பியா?

— ஆமா. ஒரே தம்பி.

— உக்காருங்க சார், நின்னுக்கிட்டே பேச வேண்டாம். நீங்களும் உக்காருங்கம்மா. நான் டாக்டர் இல்ல, ஆனா இந்த வார்டுல பத்தொம்பது வருஷம் இருக்கேன். நீங்க சொல்றது அந்த வியாதி மாதிரிதான் தெரியுது. இது பொம்பளைங்க வழியா வரும், ஆனா படுத்துறது பெரும்பாலும் ஆம்பளைங்களத்தான். உங்கம்மாகிட்ட வெளிய தெரியாம இருந்திருக்கலாம். அவங்ககிட்டருந்து உங்களுக்கு, உங்ககிட்டருந்து குழந்தைக்கு. வரலாம், வராமலும் போகலாம்.

— அண்ணனுக்கு ஒண்ணும் இல்லயே?

— அவருக்கு வரல, தப்பிச்சாரு. அதுக்காக உங்க குழந்தையும் தப்பிக்கும்னு சொல்ல முடியாது. கேட்டுக்கங்க, இன்னைக்கு இது வேண்டாம். சுன்னத்து அவசர ஆபரேஷன் இல்ல. பத்து நாள் தள்ளிப்போனாலும், பத்து மாசம் தள்ளிப்போனாலும் குழந்தைக்கு ஒண்ணும் குறையாது. மொதல்ல ரத்த டெஸ்ட். உறையுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது, எது குறையுதுன்னு பாத்துடுவாங்க. ஒருவேளை இருந்தாலும் பயந்து சாக வேண்டாம், இப்ப அதுக்கு ஊசி மருந்து இருக்கு. மருந்த ஏத்திக்கிட்டு, அதுக்குன்னு இருக்குற டாக்டர பக்கத்துல வச்சுக்கிட்டுப் பண்ணலாம். உங்க மாமா காலம் இல்லம்மா இது. சரியா?

— சரி சிஸ்டர்.

— இதச் சொல்லாம நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா… சரி, அத விடுங்க. சொன்னீங்களே, அது போதும்.

— சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?

— கேளுங்க சார்.

— அப்ப அன்னைக்கி… என் கையில தப்பு இல்லயா?

— அரிசி அளவு வெட்டுல யாரும் ரெண்டு நாள் ரத்தம் விட மாட்டாங்க சார். உங்க கையில ஒரு தப்பும் இல்ல.

— ஆனா அவருக்குத் தெரியும்ல? தன் ரத்தம் நிக்காதுன்னு அவருக்குத் தெரியும்ல?

— சின்ன வயசுலருந்தே தெரிஞ்சிருக்கும்.

— தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருக்காரு பாப்பா. தெரிஞ்சுக்கிட்டே என் கத்திக்குக் கழுத்தத் தூக்கிக் காட்டியிருக்காரு. நான் படியில உக்காந்து அழுதேன்னு. அதுக்காக.

— அழுதுடுண்ணே. அடக்காத.

— நான் என் மூஞ்சிய அவருக்கு நேராக் காட்டினதில்ல. அவரு சாகுற வரைக்கும், தாடி ஒதுக்குறப்பகூட, கண்ணாடியில அவரு கண்ணப் பாக்க மாட்டேன். அவரு பாப்பாரு. ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கும். நான் குனிஞ்சுக்குவேன்.

— அவருக்குத் தெரியும்ணே, நீ யாருன்னு. உன் சலூனத் தவிர வேற எங்க போயி உக்காந்திருக்காரு அந்த மனுஷன்? தலையில வெட்ட ஒண்ணுமே இல்லாதப்பகூட வாரா வாரம் வந்து உக்காருவாருன்னு நீதான சொன்ன.

— வருவாரு. மொட்டைத் தலைய வச்சுக்கிட்டு, "மேல கொஞ்சம் கொறைச்சுவிடுடா"ம்பாரு.

— பாத்தியா, சிரிக்கிற.

— சரிம்மா, குழந்தைய இப்படி மேசை மேல படுக்க வைங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டு ரத்தம் எடுக்கச் சொல்றேன், அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை உடம்பப் பாத்துக்கிறேன். எங்கயாவது கன்னிப்போயிருக்கா, நீலமா இருக்கான்னு. தொடையில ஊசி போட்ட இடம் கொஞ்சம் கட்டியா இருக்கே. வயித்துல ஒண்ணும் இல்ல. முதுகு சுத்தமா இருக்கு. சாக்ஸக் கழட்டுங்க. இது என்ன, குதிகால்ல பிளாஸ்டர்?

— அது ரத்த டெஸ்டுக்குக் குத்தினது சிஸ்டர். எல்லாக் குழந்தைக்கும் குத்துவாங்களாமே.

— ஆமா, மூணாம் நாள் குத்துவாங்க. இன்னைக்குப் பன்னெண்டாம் நாள். இன்னும் எதுக்கும்மா பிளாஸ்டர்?

— நிக்கும் சிஸ்டர், அப்புறம் சாக்ஸ் நனைஞ்சிடும். காலையிலகூட மாத்தினேன். பிஞ்சுக் கால், ஆற நாளாகும்னு நெனச்சேன்.